செடிக்கார மச்சான்

கொரந்தேனுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. கடலை விடுங்கள், துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் லேசாக ஆடினாலே அவனுக்குக் குமட்டும். அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் அரசாங்கக் கப்பலில் உலகத்தைச் சுற்றிவந்து செடி கொடி சேகரிக்கிற தாவரவியலாளர் வேலை கிடைத்தது. பாரிஸில் இருந்த தாய்மாமன் யார் யார் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. சேதி வந்த அன்று கட்டிலில் குப்புற விழுந்தவன் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அவன் தங்கை மாதுரினுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? அண்ணனுக்குத் தெரிந்த செடியெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. பிரான்சின் பிரெத்தோன் கரையில் முளைக்கிற அத்தனையையும் அவள் பார்த்து முடித்துவிட்டாள். பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் என்னென்ன பூக்கிறது என்று தன் கண்ணால் பார்த்து, தன் கையால் பறிக்காமல் செத்தால் தன் கண் மூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ஆனால் அரசாங்கக் கப்பலில் பெண் ஏறக் கூடாது. கோழி ஏறலாம், பன்றி ஏறலாம், பெண் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்ட மகானுபாவன் யாரோ, அவன் சாப்பாட்டில் மண் விழ.

ஆகவே அண்ணனும் தங்கையும் உடுப்பை மாற்றிக்கொண்டார்கள். முகம் தெரிந்தவர் யாருமில்லாத துறைமுக ஊருக்கு வீட்டை மாற்றினார்கள். தங்கை முடியை வெட்டி, மார்பை இறுக்கிக் கட்டி, கொரந்தேன் ஆனாள். அண்ணன் இரண்டு வேளை சவரம் செய்து, பாவாடையும் வெள்ளைத் தலைக்குல்லாயும் மாட்டி, மாதுரின் ஆனான். வீட்டில் ஒரு தங்கை இருக்கிறாள் என்று நாலு பேர் பார்க்க வேண்டுமே. அவனுக்கு இதில் துளியும் வருத்தமில்லை. பாவாடை நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்றான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'கௌதாரி' என்கிற அந்தக் கப்பல் கிளம்பிய அன்று, வழியனுப்ப வராதே என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல், கையில் வெண்ணெய் கேக்கோடு வந்து நின்றான் அண்ணன். வந்தவன் சும்மா நின்றிருக்கலாம். கடலை எட்டிப் பார்த்துத் தொலைத்தான். தலை சுற்றியது. துறைமுகத்துக் குட்டைச் சுவரில் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

இங்கேதான் வினை பிடித்தது. எங்கள் பக்கத்தில் சந்தை நாளில் கல்யாணமாகாத பெண்கள் பாலத்துச் சுவரில் வரிசையாக ஏறி உட்கார்ந்திருப்பார்கள். மனசுக்குப் பிடித்துப்போனவன் எதிரே வந்து கை நீட்டுவான். பெண்ணுக்குப் பிடிக்கவில்லையென்றால் வானத்தைப் பார்ப்பாள். பிடித்திருந்தால் அவன் கையைப் பற்றிக் கீழே குதிப்பாள். குதித்துவிட்டால் முடிந்தது, பாதிரியார் கட்டிவைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த வழியாகக் கப்பலில் ஏறப் போய்க்கொண்டிருந்த லெப்டினன்ட் குல்வென், சுவரில் வெளுத்த முகத்தோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நெடிய பெண்ணைப் பார்த்தான். அவளுக்குப் பக்கத்தில் கேக். கையை நீட்டினான். வயிற்றிலிருந்து கிளம்பியது தொண்டைக்கு வந்துவிட்ட அந்த நேரத்தில் கொரந்தேன் கிடைத்த கையை நொறுக்குவது போலப் பற்றி, குதித்து, ஓடி, ஒரு பீப்பாய்க்குப் பின்னால் மறைந்தான். வெட்கம் என்று நினைத்து குல்வென் உருகிப்போனான். மேல்தளத்தில் நின்று இதைப் பார்த்த மாதுரின் தொப்பியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பாவி, சிரிக்கிற நேரமா அது?

சுவரில் இருந்தது தாவரவியலாளரின் தங்கை என்று விசாரித்துக்கொண்டு, நங்கூரம் தூக்கிய உடனே குல்வென் அவளைத் தேடி வந்துவிட்டான். "மச்சான்" என்றான். அன்றிலிருந்து கப்பலில் அவளுக்கு அதுதான் பெயர். லெப்டினன்டின் மச்சான், செடிக்கார மச்சான்.

குல்வென் நல்ல மனிதன். ஒரே குறை, வாய்க்குக் கதவில்லை. காலையில் அவனுக்கு வந்த கனவு மதியத்துக்குள் அடுப்படி வரை போய்விடும். சுவர், கேக், கைப்பிடி எல்லாம் கப்பல் முழுக்கத் தெரியும். சமையல்காரன் அந்தக் கைப்பிடியை வைத்து ஒரு பாட்டே கட்டிவிட்டான்.

"மச்சான், அந்தப் பிடி இருக்கே பிடி," என்பான் தினமும். "என் ஆயுசுல எந்தப் பொண்ணும் என் கையை அப்பிடிப் பிடிச்சதில்ல. விரல் இன்னும் வீங்கியிருக்கு பாரு. குடும்பம் நடத்தற கை அது."

"எங்க வீட்ல எல்லாருக்கும் கொஞ்சம் அழுத்தமான கைதான்," என்பாள் மாதுரின் தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு.

அவள் ஆண் வேஷத்தைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது, படு மோசம். ஆண்பிள்ளை என்றால் காலை அகட்டி நடக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கதவில் நேராக நுழைய முடியாத அளவுக்கு அகட்டி நடந்தாள். எதிர்காற்றில் துப்பித் தன் மேலேயே வாங்கிக்கொள்வாள். மற்றவர்கள் வெயிலுக்குச் சட்டையைக் கழற்றும்போது இவள் மட்டும் கழுத்து வரை பொத்தான் போட்டிருப்பாள். ஊர் திரும்பும்வரை சட்டையைக் கழற்றுவதில்லை என்று புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி வைத்திருந்தாள். மாலுமிகள் நேர்த்திக்கடனுக்கு மரியாதை கொடுக்கிறவர்கள். காற்று வாட்டம் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்களே தவிர, வேறொன்றும் கேட்கவில்லை.

ஆனால் பூமத்திய ரேகை நெருங்கியது. அந்த ரேகையை முதல்முறை தாண்டுகிறவன் யாராக இருந்தாலும் ரேகைக் கிழவன் கையில் முழுக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். சணல் தாடியும் ஆட்டுத்தோலும் மாட்டிக்கொண்டு கப்பலில் ஒருத்தன் கிழவனாக வருவான். புதுசாக வந்தவனின் சட்டையைக் கழற்றி, மூஞ்சியில் கரி பூசி, தண்ணீர்த் தொட்டிக்குக் குறுக்கே போட்ட பலகையில் உட்காரவைத்து, பலகையை உருவி விடுவார்கள். கிழவனுக்கு முன்னால் எந்தப் புனிதருக்கு நேர்ந்துகொண்டதும் செல்லாது. சட்டை போனால் மாதுரினின் பயணமும் போச்சு. அடுத்த துறைமுகத்தில் இறக்கி, ஊருக்குத் திரும்புகிற முதல் கப்பலில் மூட்டையைப் போல ஏற்றிவிடுவார்கள். ரேகைக்கு அந்தப் பக்கத்துப் பூ ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டும். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை ரேகைக் கிழவன் வேஷம் குல்வெனுக்கு. அவனிடமே போய்க் கெஞ்சினாள். அவன் யோசித்துவிட்டு, கிழவனின் சொந்தக்காரர்களை முழுக்காட்டுவதில்லை என்று ஒரு வழக்கம் உண்டு, அதில் அவளை நுழைத்துவிடலாம் என்றான். சடங்கு அன்றைக்கே கேப்டன் முன்னால் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்வோம், தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் வாக்குக் கொடுத்தால் போதும் என்றான். தப்பித்தோம் என்கிற சந்தோஷத்தில் மாதுரின் தலையை ஆட்டிவிட்டாள்.

அப்புறம்தான் கப்பல் பாதிரியார் வந்து விளக்கினார். அண்ணன் வாக்கும் தன் ஆசீர்வாதமும் சேர்ந்துவிட்டால் அந்த வாக்கை மாற்ற முடியாதாம், மாதுரின் என்று ஞானஸ்நானம் பெற்றவள் எங்கே இருந்தாலும் அந்த நிமிஷத்திலிருந்து குல்வெனுக்கு உரியவளாம். "உன் தங்கச்சி இங்க இல்லியேன்னு கவலைப்படாத தம்பி, கடவுளுக்கு அவ இருக்கற இடம் தெரியும்," என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். இருக்கிற இடம் அவர் கைக்கெட்டுகிற தூரம்தான். கல்யாணமானால் வீடு, அடுப்பு, பிள்ளை. கடலாவது, பூவாவது. பேயிடமிருந்து தப்பிப் பிசாசிடம் மாட்டிக்கொண்ட கதையாகிவிட்டது அவள் கதை.

சடங்கு நாள் வந்தது. தொட்டி நிறையத் தண்ணீர், குறுக்கே பலகை, சுற்றிலும் மொத்தக் கப்பலும். கேப்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிழவன் குல்வென் தாடியைத் தடவிக்கொண்டு கம்பீரமாக நின்றான். பாதிரியார் தொண்டையைச் செருமி, உன் தங்கை மாதுரினை இவருக்குத் தர உனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

மாதுரின் தொட்டியைப் பார்த்தாள். குல்வெனைப் பார்த்தாள். பொய் சொல்லி இங்கே வரை வந்தாயிற்று, இனி எந்தப் பொய்யும் மிச்சமில்லை. லெப்டினன்டிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லி, அவன் ஆட்டுத்தோலைப் பிடித்துக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். மச்சானுக்கு அழுகை வந்துவிட்டது என்று கூட்டம் பேசிக்கொண்டது.

"சுவத்துலேர்ந்து குதிச்சது மாதுரின் இல்ல," என்றாள். "எங்க அண்ணன் கொரந்தேன். அவனுக்குத் தண்ணியப் பாத்தா வாந்தி வரும்."

"கொரந்தேன் நீதானே?"

"நான் மாதுரின்."

குல்வென் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அகட்டி வைத்த கால்களில் கண் கொஞ்ச நேரம் நின்றது. தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"அப்ப அந்த வெட்கம்?"

"வாந்தி."

"பீப்பாய்க்குப் பின்னாடி ஓடினது?"

"அதுவும் வாந்திதான்."

அவன் முகம் முதலில் சிவந்தது, அப்புறம் கறுத்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள், இப்போதே கேப்டனிடம் சொல்லி இறக்கிவிடுகிறேன் என்று கிளம்பினான். மாதுரினுக்குப் பயம்தான், ஆனால் அதற்கு மேல் கோபம் வந்தது. இவன் கையை நீட்டச் சொல்லி யார் கேட்டார்கள்?

"போய்ச் சொல்லுங்க," என்றாள். "ஆனா பாதியில நிறுத்தாதீங்க. யார் கையைப் பிடிச்சீங்கன்னும் சொல்லுங்க. அந்தப் பாட்டை அவங்க மாத்திப் பாடணுமில்ல."

குல்வென் நின்றான். கோழிக்கூண்டின் இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்தான். முன்வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு 'தீவு' நின்றிருந்தான். வயசுப் பையனாக இருந்தபோது ஒரு திமிங்கிலத்தைப் பார்த்துத் தீவு தீவு என்று கத்தியவன். இன்றைக்கு அவன் தலை நரைத்துவிட்டது, பேரன் பிறந்துவிட்டான், ஆனாலும் எல்லாருக்கும் அவன் தீவுதான். பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். திமிங்கிலத்துக்கே இந்தக் கதி என்றால், பாவாடை கட்டிய தாவரவியலாளரை நினைத்து உருகியவன் கதி என்ன? குல்வெனுக்கு வேர்த்துவிட்டது.

"உன்னை..." என்றான். "உங்களை..." என்றான். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான்.

கூட்டத்துக்கு நடுவில் நின்று, பெண்ணுக்கு வேறொருத்தன் மேல் ஆசையாம், மச்சான் இப்போதுதான் சொல்கிறான், நிச்சயதார்த்தம் இல்லை என்று அறிவித்தான். உச்சுக்கொட்டினார்கள். சமையல்காரன் நிஜமாகவே அழுதான். அப்படியானால் இவன் கிழவனுக்குச் சொந்தமில்லையே, முழுக்காட்டலாமே என்று தீவு எடுத்துக் கொடுத்தான். நாலு பேர் மாதுரினின் தோளைப் பிடித்தார்கள். மேல் பொத்தான் தெறித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடுங்கடா," என்று கத்தினான் குல்வென். "பொண்ணு குடுக்க மாட்டேன்னவன் மேல என் தண்ணி ஒரு சொட்டுப் படக் கூடாது. அவன் காஞ்சே கெடக்கட்டும்."

இதற்கு மேல் ஒரு அவமானம் கப்பல்காரர்களுக்குத் தெரியாது. ரேகைக் கிழவனே கைவிட்டவன். பிடித்தவர்கள் தொழுநோய் பட்டது போலக் கையை எடுத்தார்கள். குல்வென் அதோடு நிற்கவில்லை. அந்தக் குடும்பத்தையே தலை முழுகுகிறேன் என்று சொல்லித் தாடியோடு தானே தொட்டியில் குதித்தான். துக்கத்தில் பங்கெடுக்கச் சமையல்காரன் குதித்தான். தீவு குதித்தபோது தொட்டி உடைந்து, தண்ணீர் கேப்டனின் நாற்காலியை அடித்துக்கொண்டு போனது. பாதிரியார் ஆசீர்வதித்தபடியே வழுக்கி விழுந்தார். அன்றைக்கு அந்தக் கப்பலில் நனையாத ஒரே ஆள் மாதுரின்தான்.

அப்புறம் ஒருவரும் அவளோடு பேசவில்லை. எங்கள் லெப்டினன்டை ஏமாற்றிய குடும்பம் என்று புழு வைத்த ரொட்டியாகப் பார்த்து எடுத்துப் போட்டார்கள். குல்வென் எதிரே வந்தால் திரும்பிப் போனான். அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ரேகையைத் தாண்டியாயிற்று என்கிற சந்தோஷத்தில் புழுவையும் சேர்த்துத் தின்றாள்.

பிரேசில் கரை தெரிந்தது. தண்ணீர் பிடிக்கப் படகை இறக்கினார்கள். அதற்குப் பொறுப்பு குல்வெனுக்கு. செடி அழுத்துகிற பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாதுரின் போய் நின்றாள். இவனுக்கு இடமில்லை என்று துடுப்புக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள். கரை அதோ இருந்தது, மரங்களில் சிவப்பாக என்னவோ பூத்திருப்பதுகூடத் தெரிந்தது. இங்கேயே தடுத்துவிட்டால் செத்துப்போவேன் என்று அவளுக்குத் தோன்றியது. குல்வென் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏறுங்க," என்றான். "ஏறு. ஏறித் தொலை."

கரையில் கால் பட்டதும் அவளுக்கு வேஷம் மறந்துபோனது. காலை அகட்டாமல் ஓடினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு குல்வென் பின்னாலேயே ஓடினான். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்ற பயம் அவளைவிட அவனுக்குத்தான் அதிகம். ஒரு மரத்தில் கொடி சுற்றிக்கொண்டு ஏறியிருந்தது. உச்சியில் கொத்துக் கொத்தாகச் செந்நீலப் பூ. அந்த மாதிரி ஒன்றை அவள் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. விறுவிறுவென்று ஏறி, பறித்து, அங்கேயே கிளையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் தாங்காமல்தான் அழுதாள். கீழே நின்ற குல்வெனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து மேலே எறிந்தான்.

இறங்கி வந்த பிறகு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டான். இதுவரை பெயரில்லை, இனிமேல்தான் வைக்க வேண்டும் என்றாள். கேப்டன் பெயரை வைப்பதுதான் மரியாதை, கண்டெடுத்தவர் என்று கொரந்தேன் பெயர் வரும் என்றாள்.

"அந்த வாந்திக்காரன் பேரா? மரத்துல ஏறினது நீ."

"என் பேர்ல ஆளே கப்பல்ல இல்லியே, லெப்டினன்ட்."

கோழிக்கூண்டுக்குப் பின்னால் வந்ததைவிட அதிகமான கோபம் அவனுக்கு வந்தது. திரும்பி வரும்போது ஒருத்தன் துடுப்பைப் பிடுங்கித் தானே வலித்தான்.

மாலையில் கேப்டன் மேஜையில் எல்லா அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிண்ணத்தில் அந்தப் பூ. என்ன பெயர் வைக்கப் போகிறீர் என்று கேட்டுவிட்டுக் கேப்டன் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். மாதுரின் வாயைத் திறப்பதற்குள் குல்வென் எழுந்தான்.

"ஐயா, என்னை வேணாம்னவ பேரு மாதுரின்," என்றான். "என்னால அவளை மறக்க முடியல. இந்தப் பூவுக்கு அவ பேரை வைக்கணும்."

மேஜை வெடித்தது. வைத்தியர் சிரித்துச் சிரித்துப் புரையேறி முதுகில் தட்டு வாங்கினார். பரிமாறிக்கொண்டிருந்தவன் தட்டைப் போட்டுவிட்டு, சேதி சொல்லக் கீழே ஓடினான். குல்வென் காதெல்லாம் சிவந்து, அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றான். உட்காரவில்லை.

கேப்டனுக்குத் தன் பெயர் போனதில் முகம் வாடியது. ஆனால் வயசுக் காலத்தில் அவருக்கும் யாரோ வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே ஆகட்டும் என்றார். புதுப் பெயருக்கு மது ஊற்றுவது வழக்கம், பெயரைத் தாவரவியலாளர்தான் எழுந்து சொல்ல வேண்டும், தங்கை பெயர் என்று கூச்சப்படாமல் உரக்கச் சொல்லும் என்றார்.

மாதுரின் எழுந்தாள். குரலைக் கட்டையாக்க வேண்டும் என்று நினைவு வரவில்லை.

"மாதுரின்," என்றாள்.

அத்தனை ஆண்களும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, மாதுரின் என்று திருப்பிச் சொல்லிக் குடித்தார்கள். அவளும் குடித்தாள்.